சின்ன மாற்றம்தானே என்று விட்டுவிடலாமா?



மலர்க்குழு நண்பர்கள் "நீயும் ஏதாவது எழுதுடா" என்று பிடித்துக்கொண்டபோது கை நடுங்கியது. கவிதை நமக்கு வராது. துணுக்குகளைச் சிவில் நண்பர்கள் மொத்தக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். அரியர் பேப்பரைப் பற்றி எழுதலாம் என்றால் மலர் வீட்டுக்குப் போகும், அப்பா படிப்பார். ஆகவே ஒரு பூட்டைப் பற்றி எழுதுவதென்று துணிந்துவிட்டேன். ஆம், வெறும் பூட்டுதான்! ஒரு காரின் பானெட்டைத் திறக்கும் பூட்டு.

அந்தப் பூட்டு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பல நாடுகளில் வளர்ந்த மனிதர்கள் கையில் டார்ச் லைட்டோடு காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். குனிந்து பார்க்கிறார்கள். நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இன்னொருவர் எழுதியதோடு ஒப்பிட்டுச் சண்டை போடுகிறார்கள். "வேலைவெட்டி இல்லாதவங்க" என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தவன்தான். ஏன் சிரிப்பை நிறுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாமாவின் லேத் பட்டறையில்...

கோயமுத்தூரில் என் மாமா சிறிய பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பழைய ரேடியோ. செமஸ்டர் லீவு விட்டால் எனக்கு அங்கேதான் ஜாகை. ஒருநாள் ஒருவர் பழைய இங்கிலீஷ் காருக்குப் புஷ் கடைந்து தரச் சொல்லி வந்தார். அளவு புரிவதற்காக உதிரிபாகப் புத்தகத்தின் ஜெராக்ஸ் பக்கங்கள் சிலவற்றையும் விட்டுப்போனார். அது ஜாகுவார் ஈ-டைப் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் புத்தகம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அதைப் புரட்டினேன். பாகத்தின் எண், பெயர், எத்தனை என்று வரிசையாகப் போனது. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு வினோதம். "இந்த சேசிஸ் எண் வரை" என்று ஒரு வரி. அடுத்த வரியில் அதே பாகத்துக்கு வேறு நம்பர் போட்டு, "இந்த சேசிஸ் எண்ணிலிருந்து" என்று குறிப்பு.

"ஏனுங் மாமா, ஒரே காரு, ஒரே பார்ட்டு. ரெண்டு நம்பர் போட்டிருக்குதுங்களே, அச்சுப் பிழைங்களா?"

மாமா புகையும் சிப்ஸைப் பிரஷால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "பிழையில்லடா மாப்ள. முன்னால ஒரு மாதிரி செஞ்சிருப்பான். சரிப்பட்டு வரல, மாத்தியிருப்பான். எந்த வண்டில இருந்து மாத்துனான்னு எழுதி வெச்சிருக்கான் பாரு... அதுதான்டா தொழிலு."

அந்த ஒரு வார்த்தை என்னை அந்தக் காரின் பின்னால் ஓட வைத்துவிட்டது. கிடைத்த புத்தகங்களையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததில் முக்கியமானதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் ஐந்நூறு கார்கள்

1961 மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் ஈ-டைப் உலகுக்கு அறிமுகமானது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் பிறந்த கார். நிறுவனத் தலைவர் சர் வில்லியம் லயன்ஸ். உடலின் வடிவத்தைக் கணக்குப் போட்டு வரைந்தவர் மால்கம் சேயர், விமானத் தொழிலில் பழகிவிட்டுக் காருக்கு வந்தவர். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், மூன்று எஸ்.யூ. கார்புரேட்டர். மணிக்கு 150 மைல் என்ற பெருமையோடு வந்தது. ஜெனீவாவில் பார்க்க வந்த கூட்டத்துக்குக் காட்ட ஒரு கார் போதாமல், சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இன்னொரு காரைக் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 1974 வரை 72,000-க்கும் அதிகமான கார்கள் வந்தன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் ஒன்றைப் பெற்று ஓவியங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டது. அந்த ஜாகுவார் நிறுவனமே 2008-இல் நம் நாட்டு டாடா மோட்டார்ஸின் கைக்கு வந்தது உங்களுக்குத் தெரிந்த செய்தி.

இப்போது பூட்டுக்கு வருவோம். இந்தக் காரின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். முதலில் வந்த கார்களில் அந்த மூடியின் இரண்டு பக்கமும் வெளியிலேயே பூட்டு இருந்தது. டி வடிவச் சாவி ஒன்றைச் செருகித் திருக வேண்டும். சாவியைத் தொலைத்தால் எண்ணெய் மட்டம் பார்க்கக்கூட வழியில்லை! ஆகவே சில மாதங்களிலேயே காருக்குள்ளிருந்து இழுக்கும் நெம்புகோலாக மாற்றிவிட்டார்கள்.

எந்தக் காரிலிருந்து மாற்றினார்கள்? இங்கேதான் சுவாரசியம். ஈ-டைப்புக்கு ஒரே எண் வரிசை கிடையாது, நான்கு உண்டு. வலப்பக்க ஸ்டியரிங், திறந்த கார் என்றால் 850001 முதல். இடப்பக்க ஸ்டியரிங், திறந்த கார் 875001 முதல். கூரை வைத்த காரில் வலம் 860001 முதல், இடம் 885001 முதல். வெளிப்பூட்டு முடிந்துபோன எண்கள் முறையே 850091, 875385, 860004, 885020. கூட்டிப் பாருங்கள். 91, 385, 4, 20. மொத்தம் ஐந்நூறு! கூரை வைத்த வலப்பக்க ஸ்டியரிங் காரில் வெளிப்பூட்டு உள்ளவை வெறும் நான்கே நான்கு.

பூட்டோடு கதை முடியவில்லை. ஆரம்பக் கார்களில் பானெட்டின் மேலுள்ள லூவர், அதாவது சூடு வெளியேறும் பிளவுகள், தனித் தகட்டில் அடித்து எடுக்கப்பட்டு பானெட்டில் வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. பின்னால் வந்தவற்றில் பானெட்டுத் தகட்டிலேயே அழுத்தி எடுத்தார்கள். ஏன் அப்படி? ஷீட் மெட்டல் பாடத்தில் நாம் படித்ததுதான். பெரிய டை செய்ய நாளாகும், காசும் ஆகும். கார் எத்தனை விற்கும் என்று தெரியாத நாளில் வெல்டிங் மலிவு. ஆர்டர் குவிந்த பிறகு டை மலிவு. அந்த வெல்டிங் கோட்டில் ஒரு தொழிற்சாலையின் தயக்கமே தெரிகிறது என்றால் மிகையாகாது.

அடுத்தது தரை. முதலில் வந்த கார்களின் தரை தட்டையானது. உயரமானவர் உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பது என்று தெரியாது. 1962-இன் தொடக்கத்தில் குதிகால் இறங்குவதற்குக் குழிவு வைத்துத் தரையை மாற்றினார்கள். இன்றைக்கு 'தட்டைத் தரை' என்றாலே ரசிகர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். அன்றைக்குக் காலை மடக்கி ஓட்டியவர் யாரும் துள்ளியிருக்க மாட்டார்!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"புத்தகத்தில் எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன ஆராய்ச்சி?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புத்தகம் சொல்வது பாதிதான் தோழர்களே.

முதலாவது, சேசிஸ் எண் வரிசையும் கார் கட்டி முடித்த வரிசையும் ஒன்றல்ல. எண்ணில் பின்னால் இருக்கும் கார் வாசலை விட்டு முன்னால் போயிருக்கலாம். இரண்டாவது, புதிய பாகம் வந்த அன்று காலையிலேயே பழையதைக் குப்பையில் கொட்ட எந்த ஸ்டோர்ஸ்காரருக்கும் மனம் வராது. இருப்பு தீரும்வரை இதுவும் அதுவும் கலந்தே போகும். மூன்றாவது, புத்தகம் உதிரிபாகம் விற்பதற்காகப் போட்டது. மாற்றுப் பாகம் பொருந்துமா என்பதே அதன் கவலை. வெல்டிங் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பது அதன் கவலையில்லை.

ஆகவே இந்த ஆட்கள் காரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். எஞ்சின் எண்ணைப் படிக்கிறார்கள். அதன் வால் 8 என்றோ 9 என்றோ முடியும், அது கம்ப்ரெஷன் ரேஷியோ. சேசிஸ் எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், பாடி எண் என்று நான்கையும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். ஜாகுவாரின் பழைய பதிவேடுகளைக் காத்துவரும் அறக்கட்டளை ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. கார் கட்டிய நாள், அனுப்பிய நாள், முதல் நிறம் முதலியவற்றுக்கு அது சான்றிதழ் தருகிறது. பிறகு பாகங்களின் தேதி. லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகளில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். 1961 ஜூலைக் காரில் 1963-இல் செய்த டைனமோ இருந்தால் அது பின்னால் வந்த விருந்தாளி!

ஒரு கார் சொன்னால் நம்பமாட்டார்கள். இடையில் யாராவது மெக்கானிக் மாற்றியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்து எண்ணுள்ள, அதிகம் கை படாத மூன்று நான்கு கார்களில் அதே அடையாளம் இருந்தால்தான் 'உண்டு' என்று எழுதுவார்கள். நம் மெட்ராலஜி லேபில் "ஒரே ரீடிங்கை நம்பாதே, மூன்று எடுத்துச் சராசரி போடு" என்று சொல்கிறார்களே, அதே புத்திதான்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் 1968 முதல் அமலான பாதுகாப்பு, புகை விதிகளுக்காக ஈ-டைப்பில் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். விளக்கின் கண்ணாடி மூடி போயிற்று. கூரான சுவிட்சுகள் போய்த் தட்டையானவை வந்தன. எல்லாம் ஒரே நாளில் வரவில்லை. ஆகவே முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவில் வந்த கார்களை ரசிகர்கள் 'ஒன்றரை வரிசை' என்று அழைக்கிறார்கள். தொழிற்சாலை வைக்காத பெயர் அது. மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தவர்கள் வைத்த பெயர்!

தப்பான பாகமே சரியான பாகம்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் ஷெவர்லே நிறுவனம் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரைத் தொடங்கியது. உடல் முழுவதும் ஃபைபர் கிளாஸ். அந்த வருடம் கட்டியவை 300 கார்கள் மட்டுமே, பெரும்பாலும் கைவேலை. எல்லாம் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அவசரமாகத் தொடங்கியதால் அதற்கென வரைந்த சக்கர மூடி தயாராகவில்லை. என்ன செய்வது? அதே நிறுவனத்தின் பெல் ஏர் என்ற குடும்பக் காரின் மூடியை மாட்டி முதல் சில கார்களை அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் கல்யாண வீட்டில் இலை பற்றாமல் பக்கத்து வீட்டுத் தட்டு வாங்கி வந்து பந்தி போடுவதில்லையா? அப்படி!

பின்னாளில் நல்ல எண்ணத்தோடு ஒருவர் "இது வேறு காரின் மூடி" என்று கழற்றிப் போட்டுவிட்டு அழகான கார்வெட் மூடியை மாட்டினால் என்ன ஆகும்? கார் அழகாகும். வரலாறு போய்விடும். அந்த முதல் சில கார்களுக்குத் தப்பான மூடிதான் சரியான மூடி. அதை அறிவதற்கு எழுதி வைத்த ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் நல்லவன் கையாலேயே உண்மை அழியும்.

"முதல் கோணல் முற்றும் கோணல்" என்பார்கள். தொழிற்சாலையில் அப்படி இல்லை நண்பர்களே. முதல் பேட்ச் கோணலாகத்தான் வரும். கோணலைப் பார்த்து, இரண்டாவதை நிமிர்த்தி, எங்கே நிமிர்த்தினோம் என்று எழுதி வைக்கிறவனுக்குத்தான் முற்றும் நேராகும்.

பணக்காரர் பொழுதுபோக்கா?

விடுதியில் இதைப் பேசியபோது என் ரூம்மேட் கேட்டான்: "அட போடா! கோடீஸ்வரன் கார் வாங்குறான், பூட்டைப் பார்க்குறான். நமக்குப் பஸ் பாஸுக்கே தகிடுதத்தம். இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. வெளிப்பூட்டு வைத்த கார் கூடுதல் விலைக்குப் போகிறது என்பது உண்மை. விலை கூடினால் போலியும் கூடும் என்பதும் உண்மை. பின்னால் வந்த காருக்கு ஆரம்பக் காரின் வேஷம் போடும் கில்லாடிகளும் உண்டு. அந்தப் பணத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் போலியைப் பிடிப்பது எது? கண்ணாடி போல் மினுங்கும் பெயின்டா? இல்லை. என்றோ ஒரு குமாஸ்தா பேனாவால் எழுதிய பதிவேட்டு வரிதான்! அவருக்கு அன்று அது வெறும் சம்பள வேலை. ஜாகுவார் 1963-இல் பந்தயத்துக்கென எடை குறைந்த ஈ-டைப் 18 கட்டத் திட்டமிட்டு 12 மட்டுமே கட்டியது. ஒதுக்கி வைத்த எண்களில் ஆறு சும்மாவே கிடந்தன. 50 வருடம் கழித்து 2014-இல் அந்த ஆறு எண்களை எடுத்து ஆறு புதிய கார்களைக் கட்டத் தொடங்கினார்கள். மறைக்கவில்லை, 'இவை இப்போது கட்டியவை' என்று சொல்லியே கட்டினார்கள். எந்த எண் நிரம்பியது, எந்த எண் காலி என்று எழுதி வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

இன்னொரு கேள்வியும் வரும். "ஆரம்பக் காரில் இருப்பது குறைதானே? தட்டைத் தரையைச் சரிசெய்தால் என்ன குற்றம்?" குற்றமில்லை. ஓட்டுகிறவனுக்குக் கால் வலிக்கிறது. சரிசெய்யட்டும். என் கருத்து ஒன்றுதான்: சரிசெய், கழற்றியதைப் பத்திரமாக வை, என்று, ஏன் செய்தாய் என்று எழுதி வை. மாற்றம் தப்பில்லை. மாற்றத்தை மறைப்பதுதான் தப்பு.

அரை மில்லிமீட்டரில் ஒரு மனிதர்

இதுவரை மற்றவர் காரைப் பற்றிப் பேசினேன். இனி என் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே எனக்குக் கொடுத்த வேலை பிரின்ட் சுமப்பது. ஆபீசிலிருந்து மெஷினுக்கு, மெஷினிலிருந்து இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு. ஒரு ஸ்லீவ் பாகம். மெஷினில் ஒட்டியிருந்த டிராயிங்கில் நீளம் 41.5 மி.மீ. இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இருந்த காப்பியில் 41.5-ஐ அடித்துவிட்டுப் பென்சிலால் 42 என்று எழுதியிருந்தது. தேதி இல்லை. கையெழுத்து இல்லை. எந்தப் பேட்ச்சிலிருந்து என்றும் இல்லை.

இரண்டையும் ஒரே காலையில் பார்த்தவன் அந்தத் தொழிற்சாலையிலேயே நான் ஒருவன்தான். 'ஏதோ இருக்கும், நமக்கென்ன, நாம டிரெயினிதானே' என்று வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் 180 பீஸ் 41.5-இல் வெட்டி முடிந்துவிட்டது. நீளம் அதிகமாக இருந்தால் ஃபேசிங் பண்ணிக் குறைக்கலாம். குறைந்துபோனதை யார் வளர்ப்பது? மொத்தமும் ஸ்கிராப். விசாரணை வந்தது. பென்சிலால் எழுதியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மெஷினில் நின்ற அண்ணன் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தார். "பார்த்து ஓட்டமாட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார்கள். அந்த மாத ஓவர்டைமும் அவருக்குப் போயிற்று. அவர் முன்னால் ஒட்டியிருந்த டிராயிங்கைத்தான் அவர் பார்த்து ஓட்டினார். இதைச் சொல்ல வேண்டியவன் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் அந்த அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, நீங்க படிச்சிட்டு சூப்பர்வைசராத்தான் வருவீங்க. டிராயிங்குல ஏதாச்சும் மாத்துனா எங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். டீயோடு சொன்னதால் இன்றுவரை தொண்டையிலேயே நிற்கிறது.

மாமா பட்டறையில் "இந்த எண் வரை... இந்த எண்ணிலிருந்து" என்ற அந்த ஜெராக்ஸ் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த 180 பீஸ்தான். ஒரு பூட்டை மாற்றியதற்கு நான்கு எண் வரிசையிலும் நான்கு எல்லைக் கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு பென்சில் கோடு! அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த அண்ணனின் தலை குனிந்திருக்காது.

நம் ரெக்கார்டு நோட்டை எடுங்கள்

தோழர்களே, பி.இ. முடித்தவர் டிராயிங் போடுவார். ஐ.டி.ஐ. முடித்தவர் மெஷினில் நிற்பார். இரண்டுக்கும் நடுவில் நிற்கப்போவது யார்? டிப்ளமோ முடித்த நாம்தான். மாற்றம் என்பது மேலிருந்து கீழே இறங்கும்போதும், கீழிருந்து மேலே ஏறும்போதும் நம் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கை எழுதிப் பழகியிருக்கிறதா?

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நம் ரெக்கார்டு நோட்டின் லட்சணம் என்ன? சப்மிஷனுக்கு முந்தைய ராத்திரி சீனியர் ரெக்கார்டு ஒன்று விடுதி முழுக்கச் சுற்றும். அவர் அவருடைய சீனியரைப் பார்த்து எழுதியவர். அறுபது பேருக்கும் ஒரே ரீடிங், தசமப் புள்ளி மாறாமல்! கிராஃப் போட்டால் எல்லாப் புள்ளியும் கோட்டிலேயே உட்காரும். ஈ-டைப்பைத் துப்பறியும் ஆசாமி யாராவது என்றைக்காவது நம் நோட்டுகளைப் புரட்டினால், "இந்தக் கல்லூரியில் பல வருடம் ஒரே ஒரு மாணவன்தான் படித்திருக்கிறான்" என்றுதான் முடிவு கட்டுவார். நானும் அப்படி எழுதியவன்தான். அடுத்தவரைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நம் ஒர்க் ஷாப்பின் ஓரத்து லேத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாற்றுப் பல்சக்கரம் ஒன்று என்றோ உடைந்தது. 40 பல்லுக்குப் பதில் 42 பல் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். போட்டவர் கெட்டிக்காரர்தான். ஆனால் மெஷினில் உள்ள அட்டவணையில் இன்னும் 40 என்றே இருக்கிறது. அட்டவணையை நம்பி 2 மி.மீ. பிட்ச் மரை வெட்டியவனுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு பிசகுகிறது. நட்டு இரண்டு சுற்றுப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. "அந்த லேத்ல போடாதடா" என்ற செவிவழிச் செய்திதான் ஒவ்வொரு செட்டுக்கும் சொத்தாகக் கிடைக்கிறது. காரணம் கேட்டால் "ராசியில்லாத லேத்" என்கிறார்கள்! போன மாதம் நானும் என் ரூம்மேட்டும் உட்கார்ந்து பல்லை எண்ணினோம். ராசி எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆகவே என் கருத்தை மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று: ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு 40 பக்க நோட்டு கட்டித் தொங்கவிடுவோம். எதை மாற்றினாலும் தேதி, காரணம், பெயர். ஓரத்து லேத்துக்கு நாங்கள் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் '42 பல்' என்று எழுதியாகிவிட்டது.

இரண்டு: டிராயிங்கில் பென்சிலால் திருத்தாதீர்கள். திருத்தினால் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வேண்டும். எந்தப் பீஸிலிருந்து என்பது அதைவிட முக்கியம்.

மூன்று: ரெக்கார்டில் வந்த ரீடிங்கை எழுதுவோம். கோட்டை விட்டு விலகிய புள்ளி விலகியே இருக்கட்டும். மார்க் ஒன்றிரண்டு குறையலாம். "ஏன்பா விலகிச்சு?" என்று வைவாவில் கேட்டால் சொல்ல நமக்குச் சொந்தமாக ஒரு பதில் இருக்கும்.

கோவென்ட்ரியில் 1961-இல் பூட்டை உள்ளே மாற்றியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. ஆனால் 850091-இல் அவர் ஒரு வேலையை முடித்தார், 850092-இல் இன்னொன்றைத் தொடங்கினார் என்பது உலகத்துக்கே தெரியும். நம்மில் எத்தனை பேர் பெரிய பெயர் எடுக்கப் போகிறோமோ, தெரியவில்லை. நாம் மாற்றியது எங்கே தொடங்குகிறது என்று ஒரு வரி எழுதி வைக்க எல்லோராலும் முடியும்.

அந்த அண்ணனுக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. இந்தக் கட்டுரையை அந்தக் கடனின் முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள்.



மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை